போர்கில் பாறைக்குப் பூட்டு

அக்டோபர் 5, சனி

காலையில் பாறைக்கு ஏறினேன். மருமகள் அதில் ஒட்டியிருக்கும் சின்ன வட்ட வில்லையில் போனை வைத்தேன். "போர்கில் பாறை" என்று திரையில் வந்தது. போர்கில், என் அம்மாவின் பெயர். திருப்தி. முழங்காலுக்குத்தான் திருப்தி இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்று ஒரு கையுறையை மேலேயே விட்டுவிட்டேன். எடுக்கப் போனவள் சும்மா போனை வைத்துப் பார்த்தேன்.

"டோர்கெல் பாறை"!

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதேதான்.

டோர்கெல், பக்கத்துப் பண்ணை எய்விந்துக்குத் தாத்தா. அந்தப் பாறையில் உட்கார்ந்து புகை பிடித்தார், வேறொன்றும் செய்யவில்லை. என் அம்மா புயலடித்த நாளெல்லாம் அதன்மேல் நின்று அப்பாவின் படகு வருகிறதா என்று பார்த்தவள். இந்தத் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எய்விந்த் வீட்டாரைத் தவிர. இதை வேறு யார் செய்திருக்க முடியும்? அவன் அம்மா எப்படிப்பட்டவள்? என் அம்மாவின் சாவுக்குக் கடையில் வாங்கிய கேக்கோடு வந்தவள். விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. நான் மறக்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

மருமகள் சோல்ஃப்ரிதான் தீவின் நடைக் கழகத்துக்குச் செயலாளர். பாதை நெடுக அந்த வட்ட வில்லைகளை ஒட்டியவளும் அவளே. என்.எஃப்.சி என்று ஏதோ பெயர் சொல்கிறாள். போனை அருகில் கொண்டுபோனால் உள்ளே எழுதியிருப்பது திரையில் வரும்.

"யாரு வேணும்னாலும் மாத்தி எழுதலாம் அத்தை. பூட்டாத வரைக்கும்."

"அப்ப பூட்டு."

"பூட்டினா அப்புறம் திறக்கவே முடியாது. இதுக்குச் சாவியே கிடையாது."

"எங்கம்மா பேருக்குச் சாவி எதுக்குடி?"

"அவசரப்படாதீங்க. கமிட்டியில கேக்கணும்."

உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். கமிட்டியாம். அவளும் இன்னும் இரண்டு பேரும்தானே கமிட்டி?

அக்டோபர் 10, வியாழன்

கடையில், மீன் உருண்டை டப்பாக்களுக்குப் பக்கத்தில் எய்விந்த். நேராகவே கேட்டேன்.

"பாறையில பேரை மாத்தினது நீதானே?"

"நான் ஏன் மாத்தறேன்? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச் முடிஞ்சு மேல போறேன். எங்க தாத்தா பேரு அப்படியேதான் இருக்கு. நீ ஏதாவது கை வெச்சியா?"

"பொய் சொல்லாதே."

"அட, நானே பூட்டிடலாம்னுதான் பார்த்தேன் மாக்னில். இணையத்துல ஒரு பக்கம் இருக்காம். அதைத் திறந்து அங்கேயே எழுதலாம், அங்கேயே பூட்டலாம். இந்தப் போன்ல அது வேலையே செய்யல. பெர்கன்லேர்ந்து மகன் பெருமையா வாங்கி அனுப்பினது. பேரன் படம் பாக்கத்தான் லாயக்கு."

போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினான். உண்மைதான், அந்தப் பக்கம் "இதில் முடியாது" என்றது. வீட்டுக்கு வந்து என்னுடையதில் திறந்தேன். ஒழுங்காகத் திறந்தது. என் போன் யார் கொடுத்தது? சோல்ஃப்ரி. அதே வகையில் புதிது வாங்கிக்கொண்டு பழையதை என்னிடம் தள்ளினாள். அப்படியானால் அவள் போனிலும் அந்தப் பக்கம் திறக்கும்.

சோல்ஃப்ரியா? சொந்த மருமகளா?

அக்டோபர் 12, சனி

காலையில் அம்மா பெயர் இருந்தது. கீழே இறங்குவதுபோல் இறங்கி, சுற்றிவந்து ஜூனிப்பர் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். குத்திய குத்தில் உயிர் போயிற்று. மதியத்துக்கு மேல் ஓட்டப்பயிற்சி உடுப்பில் சோல்ஃப்ரி வந்தாள். குனிந்தாள். போனை வைத்தாள்.

எழுந்து நின்றேன். அலறிவிட்டாள்.

"எத்தனை நாளாடி நடக்குது?"

"வசந்தத்துலேர்ந்து" என்றாள், மூச்சு வாங்க. "நீங்க சனிக்கிழமை வர்றீங்க, அவர் ஞாயித்துக்கிழமை வர்றார். நீங்க இறங்கினதும் அவர் பேரு. அவர் இறங்கினதும் உங்க அம்மா பேரு. நடுவுல சண்டை வந்துதா? ரெண்டு பேரும் எல்லை வேலிக்காகக் கத்தினதுக்கப்புறம் இந்த வருஷம்தான் நான் நிம்மதியா இருந்தேன்!"

என் அம்மாவின் பெயரை வாரத்துக்கு ஒருமுறை அழித்திருக்கிறாள். என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு. சிரித்துக்கொண்டே காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு!

அக்டோபர் 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. எல்லோரும் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் மேலே போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அம்மா பெயரை எழுத்துக்கூட்டி அடித்தேன். வில்லையில் வைத்தேன். படித்துப் பார்த்தேன். "நிரந்தரமாகப் பூட்டு" என்பதை அழுத்தினேன். மாற்றவே முடியாது, சம்மதமா என்று கேட்டது. இதென்ன கேள்வி.

எய்விந்த் வரும்வரை அங்கேயே இருந்தேன். அவன் முகம் எப்படிப் போகிறதென்று பார்க்கவேண்டும். போனை வைத்தான், படித்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தடியை ஊன்றி நின்றவன், உட்கார்ந்துவிட்டான்.

"போன வாரம் இருந்துதே" என்றான்.

சோல்ஃப்ரி செய்ததைச் சொன்னேன். சொல்லத் தேவையில்லை. ஆனால் சொன்னேன்.

"நம்ம ரெண்டு பேரையும் செம்மறியாடு மாதிரி மேய்ச்சிருக்கா" என்றான்.

அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அக்டோபர் 16, புதன்

சோல்ஃப்ரி பேசுவதில்லை. இன்றைய ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் — மிளகே இல்லை. வேண்டுமென்றேதான்.

அக்டோபர் 19, சனி

பின்வாசலில் எய்விந்த். வேலிச் சண்டைக்குப் பிறகு எங்கள் படியை மிதித்ததில்லை. கையில் புது வில்லை.

"இதுல எழுதிப் பூட்டிக் குடு. என் போன்லதான் முடியல. உன் மருமகளை நம்பமாட்டேன்."

"என்னை நம்புவியா?"

"நம்பமாட்டேன். பக்கத்துலயே நின்னு பாப்பேன்."

அப்படியே நின்றான், தோளுக்குமேல் மூச்சு விட்டுக்கொண்டு. டோர்கெல் என்று அடித்தேன். இந்த விரலால் அந்தப் பெயரை எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். ஓர் எழுத்து தப்பு என்றான். திருத்தினேன். கடைசி அழுத்தலில் கட்டைவிரல் நின்றது. வேறு ஏதாவது எழுதிப் பூட்டியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை என்றால் பொய்.

அழுத்தினேன். அவன் இரண்டுமுறை படித்துப் பார்த்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் போனான். அவன் அம்மாவின் பிள்ளை.

அக்டோபர் 21, திங்கள்

மேலே போய்ப் பார்த்தேன். என் அம்மாவின் வில்லைக்கு ஒரு சாண் கீழே ஒட்டியிருக்கிறான். சரி.

சாப்பிடும்போது சோல்ஃப்ரி வாய் திறந்தாள். "பாறையில ரெண்டாவதா ஒண்ணு ஒட்டியிருக்கு. அதையும் பூட்டியிருக்கு. அவர் போன்ல அது நடக்காதே. யாரு பூட்டியிருப்பா அத்தை?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கட்டும்.