வெள்ளை வால்

தோட்ட ஆபீஸ்,
மஸ்ஜித் தானா
14-8-1934

அன்பு மகள் கனகாம்பிகைக்கு,

நானும் அம்மாவும் சுகம். சென்னை வெயில் உன்னை வாட்டாமல் நல்லூர் முருகன் காக்கட்டும். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான் பஞ்சடைத்து அனுப்பிய சோலைப்பாடிக் குருவிக்குக் கரிய முதுகும் செம்பழுப்பு வயிறும் வழக்கம்போலத்தான், ஆனால் கறுப்பாக இருக்க வேண்டிய நடுவால் இறகு இரண்டும் வெள்ளை, ஆகவே எந்தப் புத்தகத்திலும் இல்லாத தனி வகை, அடுத்த மாதம் கல்லூரிச் சபையில் கட்டுரையாக வாசிக்கப் போகிறேன் என்கிறாய். அம்மா கடிதத்தைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டாள். இப்போது வாசிக்காதே பிள்ளை.

போன ஞாயிறு பசாரில் ஒரு மலாய்க்காரர் சோலைப்பாடி வாங்க வந்து அதன் வாலை நீவிப் பார்த்தார். இறகு கையோடு வந்துவிட்டது. அடியில் நூல்போல ஒன்று இழுபட்டது. ரப்பர் பால். விற்றவன் நம் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டும் மாயாண்டி. கூண்டில் செத்ததென்று உன் பறவையைக் கொண்டுவந்து தந்தவனும் அவனே. கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. கூண்டில் அடித்துக்கொண்டு வாலை முறித்துக்கொள்ளுமாம், கிடைத்த இறகைப் பால் வைத்து ஒட்டுவார்களாம். "மொட்டை வாலோட எவன் வாங்குவான்லா, கிராணி ஐயா?" என்றான். நமக்குத் தந்ததற்கும் ஒட்டினாயா என்றேன். "எத்தனை வாலைன்னு ஞாபகம் வச்சுக்கிறது? செத்ததுக்கு வாலு எதுக்குங்க?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. அவன் வீட்டு வெள்ளைச் சேவலையும் போய்ப் பார்த்தேன். வாலில் இறகு குறைவு. எந்தச் சேவலுக்கும் குறையும்தான்.

இன்னொன்று. நீ எழுதித் தந்தபடி தோலுரித்துப் பஞ்சடைத்தபோது வாலடியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு இருந்தது. கொழுப்பென்று சாம்பல் தேய்த்தேன். கொழுப்புத்தானா என்று ஒரு கணம் தோன்றியது. தேய்த்துக்கொண்டே இருந்தேன். மாயாண்டியைச் சந்தேகிக்கிறவன் அந்தக் கணத்தையும் சொல்லத்தான் வேண்டும். உன் பேராசிரியரும் எனக்குப் பிடிபடவில்லை. கட்டுரையில் தம் பெயர் வேண்டாம் என்றாராம், அது பெருந்தன்மை என்கிறாய். சரியானால் அவர் உன்னை உருவாக்கியவர். பிழையானால் சபையின் சிரிப்பு உனக்கு மட்டும். அம்மா, "பிள்ளை சந்தோஷமா இருக்கட்டும், விடுங்கோ" என்கிறாள். விட முடியவில்லை. அந்த வெள்ளை இறகின் அடியை ஊசியால் கீறிப் பார். கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதே, பேராசிரியர் பார்க்கச் செய். இழுபடாவிட்டால் நான் மாயாண்டியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பேன். இழுபட்டால் அது நம் காட்டுச் சாதாரணச் சோலைப்பாடி. அதையும் சபையில் நீயே வாசி. உன் பெயரில்.

தலைக்கு எண்ணெய் வை. வேளைக்குச் சாப்பிடு. முருகன் துணையிருப்பான். ஊசியை மறக்காதே.

என்றும் உன் நன்மையை நினைக்கும் அப்பா,
சிற்றம்பலம்