நாமக்கல் வண்டியில் தனியாக ஏறுவது

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில்.

வேலைக் கடிதத்தை மூன்றாம் முறை படித்தாயிற்று. நாமக்கல், கோழித்தீவனக் கம்பெனி, அலுவலக உதவியாளர். அடுத்த திங்கள் சேர வேண்டும். சேலத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வர உத்தேசம். முப்பத்து நாலு வயதில் முதல் வெளியூர் வேலை.

சேகர் அண்ணனிடம் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொன்னேன்.

"தெனம் ரெண்டு தடவ ட்ரெயின்ல ஏறி எறங்குவியா பாப்பா? அந்தக் காலிப்பரோட?"

"ஏறுவேன்."

"விழுந்தா?"

"எந்திரிப்பேன்."

அண்ணனுக்கு லாரிப் பட்டறையில் டிங்கரிங் வேலை. சின்ன வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பி, காலைத் தாங்க இந்த இரும்புக் காலிப்பரை மாட்டியதிலிருந்து எனக்கு அவன்தான் வண்டி. பள்ளி, காலேஜ், கம்ப்யூட்டர் கிளாஸ் எல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தே போய்வந்தேன். இப்போதும் தினமும் கூட வருகிறேன் என்கிறான். பட்டறையை யார் பார்ப்பது? பத்து நாள் வருவான். பதினோராம் நாள் வேலையை விட்டுவிடு என்பான்.

ஆகவே இந்த வாரம் பயிற்சி. ஒரு நாளைக்கு ஒரு ஸ்டேஷன். வண்டி எங்கே நின்றாலும் எனக்குத் தனியாக இறங்கி ஏறத் தெரிய வேண்டும்.

வாங்க வேண்டியவை: தண்ணீர் பாட்டில், காலிப்பர் வாருக்குக் கொக்கி, கைக்கோலுக்கு அடியில் போடும் ரப்பர்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மல்லூர். இறங்கினேன். சுற்றிப் பார்த்தேன், ரோடு வரை நடந்து டீ குடித்தேன். மலை நன்றாகத் தெரிகிறது. திரும்பும்போது ஒருவர் கேட்காமலே கை கொடுத்து மேலே இழுத்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் இது சேர்த்தி இல்லை.

பிப்ரவரி 11, புதன்

இராசிபுரம். வண்டியை விட்டேன்.

எங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று கேட்டு வைக்காதது என் தப்பு. வேப்பமர நிழலில் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தது. மாற்றுத்திறனாளிப் பெட்டி கடைசியில். என் நடைக்கு அது தூரம். பாதி வழியில் ஹாரன். ஜன்னல் ஜன்னலாக என்னைத் தாண்டிப் போனது.

அழவில்லை. இல்லை, கொஞ்சம்.

ஆட்டோ, பிறகு பஸ். பஸ்ஸில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. இரவுச் சாப்பாடு தோசை. மூன்று சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

திரும்பவும் இராசிபுரம். வேண்டுமென்றேதான்.

திரும்புகிற வண்டிக்குக் கீரை மூட்டையோடு ஒரு அக்கா காத்திருந்தார். வெண்ணந்தூர்க்காரர், பெயர் பாவாயி. என்னைப் பார்த்ததும், "ஏனுங்க அம்மிணி, நேத்து வண்டிய உட்டவிங்கதான நீங்க?"

"ஆமாங்க்கா."

"நானும் பாத்துட்டுத்தான் போனனுங்க, மனசே கேக்கல. அந்தக் கம்பத்துக்கு நேரா வந்து நில்லுங்க. பொட்டி அங்கதான் வரும்."

"நின்னாலும் படி ஏறத்தான் முடியலைங்க. யாராவது இழுக்கணும்."

"நின்னுட்டே ஏறோணும்னு யாருங்க சொன்னது? மொதல்ல மூட்டையத் தள்ளறேன், அப்பறம் நான் ஏறறேன். நீங்க கோல மொதல்ல தள்ளுங்க. படியில உக்காந்து பின்னாலயே போங்க சாமி."

மூன்றாம் வகுப்பில் நான் தவழ்ந்து மாடிப்படி ஏறியதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து யார் முன்னாலும் தரையில் கை ஊன்றியதில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல்.

இன்று ஊன்றினேன். கோலை உள்ளே எறிந்தேன். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கை ஊன்றி ஒரு படி, இன்னொரு படி, பிறகு பெட்டியின் தரை. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்தேன். வண்டி நகரவே இல்லை. நேரம் மிச்சம்!

யாரும் சிரிக்கவில்லை. யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. எல்லோரும் போனில். சுடிதார் பின்னால் ஒரே அழுக்கு. துவைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

களங்காணி. உட்கார்ந்து ஏறினேன். நேற்றைவிட வேகம். நாய் மூன்று, சாது.

பெட்டியில் ஒரு பண்ணைக்காரர் போனில் சத்தமாக: "தீவனம் வரலீங்கன்னா நான் கோழிக்கு என்னத்தச் சொல்றது?" அடுத்த வாரம் இந்த மாதிரிப் போனை நான்தான் எடுக்க வேண்டும். பதில் யோசித்து வைத்தேன்.

பிப்ரவரி 14, சனி

நாமக்கல். வெயில் காட்டம். கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டே ஆட்டோ. ஆபீஸ் வாசல் வரை போய் வந்தேன். சாய்தளம் இருக்கிறது.

சாயந்திரம் அண்ணனிடம் புதன், வியாழன் கதையைச் சொன்னேன். வண்டியை விட்டது, அழுதது, படியில் உட்கார்ந்து ஏறியது, எல்லாம்.

"தரையில உக்காந்தா ஏறுன?"

"ஆமா."

"நான் இருக்கும்போது உனக்கு என்ன தலையெழுத்து பாப்பா?"

"நீ இல்லாதப்பவும் நான் ஏறணும்ல?"

எழுந்து வெளியே போய்விட்டான். தப்பாகச் சொல்லிவிட்டேனோ? இல்லை. சரியாகத்தான் சொன்னேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் அண்ணன் ஜங்ஷன் வரை வந்தான். கை கொடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். கொடுக்கவில்லை, தொட்டுவிடும் தூரத்தில் கையை மட்டும் நீட்டிக்கொண்டே நின்றான். நான் ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாயிற்று. அதற்குப் பிறகு அவனும் ஏறினான். பையை மேலே வைத்தான், கீழே வைத்தான், எதிர் சீட்டுக்காரரிடம், "என் தங்கச்சிங்க, கொஞ்சம் பாத்துக்கங்க" என்றான். அவர் எந்த ஊர் என்று விசாரிக்க, இவன் எங்கள் அம்மாபேட்டைக் கதையை ஆரம்பிக்க, வண்டி கிளம்பிவிட்டது.

"பாப்பா! நகருது!"

வாசலுக்குப் பாய்ந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஓடற வண்டில எறங்காத. உக்காரு."

உட்கார்ந்தான். கையில் பிளாட்ஃபார்ம் டிக்கெட். முகம் வெளிறிவிட்டது. இந்த லைனில் அவன் வந்ததே இல்லையாம். "எங்க நிக்கும்? அங்கிருந்து எப்படித் திரும்பறது? பஸ் இருக்குமா?"

"மல்லூர்ல எறங்கு. ரயில்வே கேட்டத் தாண்டி நேரா நடந்தா மெயின் ரோடு. சேலம் பஸ் வந்துட்டே இருக்கும். டீக்கடை ஒண்ணு இருக்கு, டீ சுமார்தான்."

என்னையே பார்த்தான். "எல்லாம் பாத்து வெச்சிருக்க" என்றான்.

மல்லூரில் இறங்கினான். ஜன்னல் பக்கம் வந்து நின்றான், என்னவோ சொல்ல வந்தான், அதற்குள் வண்டி எடுத்துவிட்டார்கள்.

ஐந்து நிமிஷத்தில் போன். "பாப்பா, ரோட்டுக்கு வந்துட்டேன்."

"சரி. வீடு போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றேன்.

"பண்றேன்" என்றான்.