பதிலுக்கு விட்ட நேரம்

பீரோவின் அடித்தட்டில் என் முதல் நாவலின் தட்டச்சுப் பிரதி கிடைத்தது. கட்டைப் பிரித்தேன். கார்பன் தாளின் மணம் இன்னும் போகவில்லை. நீ இறந்து ஒரு வருடம் ஆகிறது.

பெரம்பலூர் மாவட்டத் தலைநகராகி ஓரிரு வருடங்கள் இருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பத்திரமும் மனுவும் அடித்துத் தரும் உன் கடைக்கு வந்தேன். அரியலூரிலேயே டைப்பிங் கடைகள் இருந்தன. ஆனால் சிமெண்ட் ஆலை அதிகாரியின் மனைவி, கணவர் போன பிறகு அறுபத்திரண்டு வயதில் வேற்றுக் கிரகக் கதை எழுதுகிறாள் என்று அங்கே யாரும் சிரிப்பதை நான் விரும்பவில்லை. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நீயும் சிரித்தாய். "அங்கல்லாம் பஸ் போவுதாம்மா?" என்று கேட்டாய். ஏனோ எனக்குக் கோபம் வரவில்லை.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவாய். உன் கணவர் பதினைந்து வருடங்களாகத் துபாயில். நான் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பிழை பார்ப்பேன். "ஒரு புள்ளி வுட்டுப்போனா ஊசியால குத்துவீங்க போலருக்கே" என்பாய். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் என்னை அப்படித்தான் வளர்த்தார்கள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான் தகராறு. குரல் வந்து சேர நாற்பது நாளாகும் தொலைவுக்கு ஒருவன் போயிருக்கிறான். ஒளியின் வேகத்தை வைத்துத் தூரத்தை மூன்று முறை கணக்குப் போட்டிருந்தேன். இங்கே அவன் மனைவி அந்தக் குரலைக் கேட்டதும் கண்ணீர் விட்டு, ஒன்றரைப் பக்கம் பேசுவாள். நீ அதை அடித்து முடித்துவிட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டாய்.

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. அந்தப் பொம்பளதான் சரியில்ல."

எழுதிக் கொடுத்ததை அடிப்பதுதான் உன் வேலை என்றேன். தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். மிச்சத்தை வேறொருவரிடம் கொடுத்து அடித்து வாங்கி, சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. விஞ்ஞானம் இருக்கிறது, மனிதர்களைத்தான் காணோம் என்று ஒரு குறிப்பு. அந்த வயதில் எனக்கு இன்னொரு புத்தகம் எழுதத் தெம்பு இருக்கும் என்று தோன்றவில்லை. இது போனால் போனதுதான்.

உன் கடைக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அது எனக்கு வராது. நீ ஸ்டூலை நகர்த்திப் போட்டாய். அந்தப் பெண் என்ன செய்வாள், சொல் என்றேன்.

நீ சொன்னாய். உன் கணவர் கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். ஒரு முறை அது வந்து சேர்ந்தபோது உன் மாமியார் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"மௌத்து சேதி கேட்டு போன்ல அப்படி அழுத மனுசன், டேப்புல சிரிச்சுப் பேசுறாரு. 'உம்மா, கண்ணு இப்ப தெரியுதா?'ன்னு கேட்டுட்டு, அவங்க பதில் சொல்றதுக்குக் கொஞ்ச நேரம் வுட்டாரு. அந்த நேரம் முடியிற வரைக்கும் வூட்டுல யாரும் பேசலம்மா."

பிறகு மை படிந்த விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே, "எடுத்துக்குங்க. யாரு வூட்டு விஷயம்னு மட்டும் வெளிய தெரிய வேணாம்" என்றாய். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒன்றரைப் பக்கத்தையும் நீக்கிவிட்டு நான்கு வரி எழுதினேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. அவன் பதிலுக்கு விட்ட நேரம் முடியும்வரை வீடே காத்திருந்தது. அதே பதிப்பகம் நாவலை ஏற்றுக்கொண்டது.

அரியலூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. பேராசிரியர் ஒருவர் அந்த நான்கு வரியை வாசித்துவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "கற்பனைதான்" என்றேன். கை தட்டினார்கள். நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். பஸ் ஏறும்போது, "நல்லாப் பேசுனீங்கம்மா" என்று மட்டும் சொன்னாய்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்றே பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அந்த மேடையில் அந்த வாக்கு என் நினைவிலேயே இல்லை. கைதட்டல் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அதன்பின் எத்தனையோ முறை உன் கடைக்கு வந்தேன், இரண்டாவது நாவலைப் பற்றிப் பேசினேன், உன் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்தேன். சொல்லவில்லை.

இப்போதும் யாராவது அந்த நான்கு வரியைப் பற்றிக் கேட்கிறார்கள். போன வாரம் செந்துறையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். கற்பனை என்று நான் இப்போது சொல்வதில்லை. ஒருத்தி சொன்னாள் என்கிறேன். யார் அவர் என்று அவளும் கேட்டாள்.

அதை மட்டும் சொல்லவில்லை.