மாதா உட்கார்ந்த ஸ்டூல்

அக்கா,

ஸ்டூலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு பிளாஸ்டிக். நடுவில் மெழுகுவர்த்தி சுட்ட வடு. அது போகாது. தெரிந்தும் தேய்க்கிறேன்.

மறுபடி அக்டோபர், செபமாலை மாதம். கள்ளிக்குப்பத்தில் மழை. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் நம் அன்பியத்தின் மாதா சுரூபம், அந்தச் சின்னச் சிலை, தினமும் வீடு மாறுகிறது. ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் மாலை எல்லோரும் கூடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே செபமாலை. நீங்கள் இல்லாத முதல் அக்டோபர்.

நான் இந்த ஃபிளாட்டுக்கு வந்த வருடம் பட்டியலில் எங்கள் கதவு இல்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை. மாதா கோயிலில் தாலி கட்டிக்கொள்ளாமல், பதிவு அலுவலகத்தில் ஓர் இந்துவைக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். பக்கத்து வீடான உங்களிடமிருந்து மாதா எங்களைத் தாண்டிக் கோடி வீட்டுக்குப் போக வேண்டும்.

எனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். விசுவாசத்தைக் கல்லூரியோடு விட்டவள்தானே. ஆனால் மாதா தாண்டிப்போக வேண்டிய அன்று ஆபீஸிலிருந்து மதியமே வந்து வாசலைக் கழுவினேன். இதை உங்களிடம் சொன்னதில்லை.

ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. நீங்கள். வலது கையில் மாதா, இடது இடுப்பில் ஸ்டூல். பின்னால் ஏழெட்டுப் பேர், தயங்கியபடி.

"வைக்க இடம் இல்லக்கா." பயத்தில் வாயில் வந்த பொய்.

"எடத்த நானே எத்துக்கினு வந்துகீறேன். நவுரு."

பின்னாலிருந்து அன்பியத் தலைவி: "லிஸ்ட்ல இந்த ஊடு இல்லியே!"

"லிஸ்ட்டு நீ போட்ட. மாதாவா போட்டுச்சு?"

எல்லோரும் வந்தார்கள். சிலர் சுவரோரமாக, எதையும் தொடாமல்.

என் கணவருக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்குச் சாமி வந்திருக்கிறது, அவ்வளவுதான். கடைக்கு ஓடினார். செபமாலையின் நாலாவது பத்து மணிகளை உருட்டிச் சொல்லும்போது வாசலில் தேங்காய் உடைந்தது. செபம் நின்றது. இரண்டு மூடிகளோடு உள்ளே வந்தவர் எல்லா முகங்களையும் பார்த்தார். முழங்கையில் தண்ணீர் சொட்டியது.

"தப்பாயிடுச்சா?"

தலைவி எழுந்துவிட்டார். இனி இந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று எனக்கு உறுதியானது.

நீங்கள் ஒரு மூடியை வாங்கி முகர்ந்தீர்கள். "இன்னாடி மொறைக்கிற? வேளாங்கண்ணிக்குத் தென்னங்கன்னு தூக்கினு போய்க் குடுத்தவ நீ. அது வளந்தா இன்னா காய்க்கும், பூசணிக்காவா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். தலைவிகூட, வாயைப் பொத்திக்கொண்டு.

"நைனா, ஊட்ல வெல்லம் கீதா?" என்றீர்கள் என் கணவரிடம்.

அந்தச் சிரிப்பில்தான் மெழுகுவர்த்தி சாய்ந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டுச் செபமாலை என்றால் தேங்காயும் வெல்லமும். தலைவி இரண்டாவது துண்டு கேட்பார். ஸ்டூலை நீங்கள் திரும்பக் கேட்கவே இல்லை.

நான் படித்த புத்தகங்களில் இதற்குச் சகிப்புத்தன்மை என்று பெயர். நீங்கள் எங்களைச் சகித்துக்கொண்ட மாதிரி இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் பகலெல்லாம் நின்று துணி சரிபார்த்துவிட்டு வரும் உங்களுக்கு, மாலையில் வீடு நிறைய ஆள் வேண்டும். "நாலு பேரு கொறைஞ்சா செபம் சப்புனு கீது" என்பீர்கள்.

மார்ச்சில் உங்களைக் கல்லறைக்குக் கொண்டுபோனோம். பெட்டியின் முன்பக்கம் என் கணவரின் தோள்.

நேற்றிலிருந்து மாதா எங்கள் வீட்டில். பட்டியல்படி இன்று மாலை கோடி வீடு. இரண்டுக்கும் நடுவில் இருந்த கீழ்த்தளத்துப் பெண்ணின் பெயரை அடித்திருக்கிறார்கள். கணவனைவிட்டு வந்து வேறொருவரோடு வாழ்கிறவள். தலைவி போனில் சொன்னார்: "கீழ ஊடு வேணாம்மா. பேச்சு வரும்." நான் "சரி" என்றுவிட்டேன்.

மதியம் பால் வாங்க இறங்கினேன். இந்த மழையில், அவள் வாசலைக் கழுவியிருந்தாள்.

மணி ஆறு இருபது. ஸ்டூலைத் துடைத்து இடுப்பில் வைத்துப் பார்த்தேன். தலைவிக்குப் பதில் சொல்ல உங்கள் வாய் எனக்கு வராது, அக்கா. இடம் இருக்கிறது. மாதாவையும் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு இறங்குகிறேன்.