சாயத்தண்ணி நிறம்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது கறுப்பாக வாந்தி எடுத்தார். "காலையில குடிச்ச சாயத்தண்ணிதான் புள்ள, பேசாம கொழுந்த எடு" என்றார். பால் இல்லாத கறுப்புத் தேநீர்தானே என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். மறுநாள் மயங்கி விழுந்த பிறகுதான் அது இரத்தம் என்று தெரிந்தது.

வயிற்றில் புண்ணாம். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் வெறும் வயிற்றில் கால்வலி மாத்திரை போட்டுப் போட்டு வந்ததாம். "யாரு குடுத்த மாத்திரை?" என்று டாக்டர் திட்டினார்.

"கடையில வாங்கினதுங்க" என்று சொல்லி, அம்மா என் கையை அழுத்தினார்.

இன்னும் இரத்தம் ஏற்றுகிறார்கள். கண் திறந்தால் உன்னைத்தான் கேட்கிறார்.

இனிமேல் கொழும்பிலிருந்து மாத்திரை அனுப்பாதே, அக்கா. நீ மட்டும் சீக்கிரம் வா.

உன் தங்கச்சி