ஜமுக்காளத்தில் ஒளித்த சீசா

12 மார்ச் 1961, ஞாயிறு. திருச்சி.

காலை யோகாசன வகுப்பில் ஜமுக்காளத்தை உதறி விரித்தேன். மடிப்பில் ஒளித்து வைத்திருந்த இழுப்பு மாத்திரைச் சீசா உருண்டு போய், பாலக்கரை காதர் பாயின் காலடியில் நின்றது. அவருக்கும் இழுப்பு. என் இழுப்பு ஆசனத்தால்தான் போனது என்று பத்து வருஷமாகச் சொல்லித்தான் பாடம் நடத்துகிறேன். அதை நம்பிப் போன மாதம் அவர் மாத்திரையை நிறுத்தினார்.

அவர் கோபப்படவில்லை. சீசாவை என் கையில் வைத்து, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்: “தினம் எத்தனை போட்டுக்கறீங்க, சார்?”

“ரெண்டு.”

“நானும் ரெண்டுதான் போட்டுக்கிட்டிருந்தேன்” என்றார். மூச்சு வாங்க வாங்கத் தன் இடத்துக்குப் போய், நான் வகுப்பை ஆரம்பிப்பதற்காகக் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

நாளைக்கும் வருவார் போலிருக்கிறது. வராமல் இருந்தால் தேவலை.