கட்டைவிரலுக்கு அடியில்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம்.

கடலோரத்தில் நீங்கள் மட்டி வளர்ப்பதாகச் சொன்னதும் பாப்பா சிரித்தாள். பள்ளியில் கணக்கு வராதவர்களைத்தான் மட்டி என்று திட்டுவார்களாம். அது ஓட்டுக்குள் வாழும் உயிர் என்று விளக்கினேன்.

குஞ்சு மட்டி பெரிதாகும் வரை எடுக்கக் கூடாது, மூன்று மாதம் தடை என்றீர்கள். அப்படியானால் ஊருக்கு வந்திருக்கலாமே? கேட்டதற்கு, "காவல் இருக்கணும்" என்றீர்கள். சரி.

வெளியூர்க்காரருக்கு உரிமம் தர மாட்டார்கள், உள்ளூர்க் குடும்பங்களுக்கு மட்டும்தான் என்று போன மாதம் புலம்பியதும் நீங்கள்தான். இப்போது உங்கள் பெயரிலேயே உரிமம் கிடைத்துவிட்டதாகப் படம் அனுப்பியிருக்கிறீர்கள். சந்தோஷம்.

என் தம்பி பிரபாகர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "அக்கா, மாமாவோட கட்டவெரலு ஒரு வரிய மறைக்குது பாரு" என்றான். நானும் பார்த்தேன். உங்கள் பெயர், முகவரி எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மனைவி பெயர் என்ற இடத்தில்தான் விரல் இருக்கிறது.

விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்புங்கள். என் பெயராக இருந்தால் மறைத்திருக்க மாட்டீர்கள். நான் அவ்வளவு பெரிய மட்டி இல்லை.

இப்படிக்கு,
பென்னாகரத்தில் இருக்கும் மனைவி